ஆர்னெட்டாவின் தலைக்கணக்கு

பேசிக்கொண்டே இருக்கும்போது வலது கை பின்னால் போகும், கொண்டைக்குள் நுழையும், ஒரு பென்சிலோடு திரும்பி வரும். எதிரில் கிடக்கும் காகிதத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சுழித்துவிட்டு, பென்சிலை மறுபடி கொண்டைக்கே அனுப்பிவிடுவாள். ஆர்னெட்டா பிகெட்டின் கொண்டையில் பதினேழு பென்சில்கள் இருக்கின்றன. மிஸ்ஸிஸிப்பி ஆறு கல்லாய் உறைந்து கிடக்கிற ஐந்து மாதமும் செயின்ட் பால் நகரம் முழுக்க அவற்றை வைத்தே அடுப்பெரிக்கலாம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மூன்று. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பேனாவைத் தொடமாட்டாள். "பேனா ஒரு தடவை எழுதிட்டா பிடிவாதமா நிக்கும். பென்சிலுக்குத்தான் வெட்கம் தெரியும். தப்புன்னா அழிஞ்சுக்கும்" என்பாள். அவள் வார்த்தையில் வேறு ஓர் உண்மையும் உண்டு. இந்த ஊர் டிசம்பரில் வாசலுக்கு வந்தால் பேனா மை உறைந்துவிடும். பென்சில்தான் எழுதும்.

ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருடமாகப் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறாள். அறுபத்திரண்டு வயது. மிஸ்ஸிஸிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டிலிருந்து மில்வாக்கி நகரத்துத் தொழிற்சாலைக்கு வந்த கறுப்பினக் குடும்பம், அங்கிருந்து இங்கே. மாணவர்களும் சக ஆசிரியர்களும் 'மிஸ் ஆர்னெட்டா' என்றுதான் கூப்பிடுவார்கள். உப்பு பிஸ்கட்டைத் துகள் சிந்தாமல் சரிபாதியாக உடைத்து, முதல் பாதியைப் பத்தரைக்கும் மறு பாதியை மூன்றரைக்கும் தின்பாள். குளிருக்குப் போடும் கம்பளித் தொப்பியில் கொண்டை வெளியே வருவதற்குத் தானே ஓர் ஓட்டை வெட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர், "இன்னைக்கு முந்நூறு ஆத்துமாக்கள் கூடியிருக்கோம்" என்று கையை விரித்தால், மூன்றாவது வரிசையிலிருந்து, "இருநூத்தி அறுபத்தி நாலு, ஐயா" என்று குரல் வரும். ஆமென் மாதிரி அதுவும் அங்கே வழிபாட்டில் ஒரு பகுதியாகிவிட்டது.

அவளிடம் 'நிறைய' என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "நிறையங்கிறது எண் இல்ல கண்ணு. அது பெருமூச்சு. எத்தனைன்னு சொல்லு."

கொள்ளைநோய் வந்த ஏப்ரலில் அவளுடைய தம்பி கிளமென்ட் போய்விட்டான். மில்வாக்கியில் பஸ் ஓட்டியவன். காய்ச்சலோடு மூன்று இடத்துக்குப் பரிசோதனைக்குப் போனான். ஓரிடத்தில் டாக்டர் சீட்டு கேட்டார்கள், ஓரிடத்தில் குச்சி தீர்ந்துவிட்டது என்றார்கள், மூன்றாவது இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். நாளை அவன் வீட்டுப் படியிறங்கும் நிலையில் இல்லை. அழுது முடித்த ஆர்னெட்டா செய்த முதல் வேலை, மூன்று இடத்தின் பெயரையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதியதுதான். அடுத்த மாதமே கல்லூரியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினாள். இந்த மாவட்டத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள யாருக்கு வழி இருக்கிறது, யாருக்கு இல்லை? வெள்ளையர் எத்தனை, கறுப்பர் எத்தனை, மெக்சிகோக்காரர் எத்தனை, மோங் மக்கள் எத்தனை?

சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தி கா யிங் மூவா. சமூகவியல் ஆசிரியை, நாற்பத்தொரு வயது, மோங் பெண். லாவோஸ் மலையிலிருந்து போருக்குத் தப்பி, ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாமில் கிடந்து இந்த ஊருக்கு வந்த ஜனங்கள் அவர்கள். மோங் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்தில் போட்டிருந்த பரிசோதனைக் கூடாரத்துக்கு வாரம் தவறாமல் போய் நிற்பவள் அவள்தான். மற்ற இடங்களில் காருக்குள் உட்கார்ந்தபடிதான் மூக்கை நீட்ட முடியும். கார் இல்லாதவர் நடந்து போய் நீட்டக்கூடிய ஒரே கூடாரம் அது.

இன்னொருவன் லீஃப் ஹாகன். கம்ப்யூட்டர் ஆள். நார்வே வம்சம். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லி அவன் பழகவில்லை. அவன் வாயில் 'கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு' என்று வந்தால், வீடு பற்றி எரிகிறது என்று பொருள்.

அரசாங்கக் கணக்கு குச்சிகளை எண்ணியது. ஒரே ஆள் ஐந்து தடவை போனால் ஐந்து. ஆர்னெட்டாவுக்கு அது பொறுக்கவில்லை. "மூக்கை எண்ணாதே, தலையை எண்ணு" என்று லீஃபுக்கு உத்தரவு போட்டாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து முழுப்பெயர் வராது, ரகசியம். பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், பிறந்த தேதி, சீட்டு எண், இவ்வளவுதான் வரும். எனவே அவள் ஒரு விதி வகுத்தாள்: முதலெழுத்தும் குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாயிருந்தால், ஆளும் ஒன்று. லீஃப் அந்த விதியைத் தன் சொந்தக் குடும்பத்தில் போட்டுப் பார்த்தான். முந்தின வருடக் கோடை விருந்துக்கு வந்த அறுபத்தேழு ஹாகன்களில் ஒருவர்கூட இன்னொருவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. விதி தேறிவிட்டது.

நவம்பர் கடைசியில் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டிய நாள் வந்தது. அந்த வாரம் பார்த்து கா யிங்கின் பெரியப்பா இறந்துபோனார். மோங் சாவு வீடு மூன்று நாள் நடக்கும், மேளமும் குழலும் நிற்காது. "அவ பார்க்கட்டும், ரெண்டு நாள் பொறுப்போமே" என்று லீஃப் முனகினான். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை என்ற பெருமை ஆர்னெட்டாவுக்கு. அனுப்பிவிட்டாள். ஏழாவது அட்டவணையில் மோங் மக்கள் வரிசையில் நின்ற எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

பத்து நாளில் பதில் வந்தது. நன்றி, மிகவும் பயனுள்ள ஆய்வு. மோங் சந்தைக் கூடாரத்துக்குத் தேவை இல்லை என்று அட்டவணை ஏழு காட்டுவதால், அதைப் பிரித்து ஏரிக்கரை அங்காடிப் பக்கம் கொண்டுபோக முடிவாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாவட்ட ஆணையர்கள் வாக்களிப்பார்கள். ஏரிக்கரை அங்காடிக்கு நடந்து போவதென்றால் முதல் நாளே புறப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூவரும் வீடியோவில் கூடினார்கள்.

"மிஸ் ஆர்னெட்டா, இருநூத்திப் பன்னெண்டா?" என்றாள் கா யிங்.

"ஆமா."

"சனிக்கிழமை ஒரு நாள் வரிசையிலயே அவ்வளவு பேர் நிப்பாங்களே."

"எண்ணினியா?"

"எண்ணல. ஆனா நிறைய..."

"நிறையங்கிறது..."

"தெரியும், பெருமூச்சு. நான் பெருமூச்சுதான் விடறேன்!"

லீஃப் தொண்டையைச் செருமினான். "அந்த மோங் கணக்கு... கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

இரண்டு பெண்களும் திரையில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ரெட்டைப் பதிவுன்னு அறுநூத்திச் சொச்சம் வரியை அடிச்சிருக்கு. மத்தவங்கள்ல இவ்வளவு இல்ல."

"ஏம்ப்பா, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அடித்துப் போட்ட வரிகளைத் திறந்தான். ஆர்னெட்டா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "இதோ பாரு. எம். வாங், ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பது, ஜனவரி ஒண்ணு. ஒம்பது தடவை வந்திருக்கான். என்ன மூக்கு அது, பொது நூலகமா?"

கா யிங் சிரிக்கவில்லை. "அது 'வந்திருக்கான்' இல்ல மிஸ் ஆர்னெட்டா. ஒரே ஆளும் இல்ல. அதுல ஒண்ணு எங்கம்மா."

ஆர்னெட்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இன்னொண்ணு எங்க சின்னம்மா. இன்னொருத்தர் எதிர்வீட்டுத் தாத்தா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் சேர்த்தே பதினெட்டுக் குடும்பப் பேர்தான். மலையில பொறந்த தேதியை யார் எழுதி வெச்சா? முகாம்ல கேட்டான், தெரியாதுன்னாங்க. எழுத்தர் எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டான். வருஷத்தை ஆள் உயரத்தைப் பார்த்துப் போட்டான். எங்க தெருவுல புதுவருஷத்தன்னைக்கு ஒரே கேக் போதும். மெழுகுவத்திதான் பத்தாது."

ஆர்னெட்டாவின் கை கொண்டைக்குப் போயிற்று. பென்சிலைத் தொட்டது, எடுக்கவில்லை. அவளுடைய பாட்டிக்கும் பிறந்த தேதி கிடையாது. 'பருத்தி இரண்டாம் பறிப்பு' என்று குடும்ப பைபிளில் எழுதியிருக்கும். ஓய்வூதியம் கேட்டுப் போனபோது எழுத்தர் ஏதோ ஒரு தேதியைப் போட்டான், அந்தப் பொய்த் தேதிக்கு வருடா வருடம் ஆர்னெட்டாவே கேக் வெட்டியிருக்கிறாள். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யானைக்கு அடி சறுக்குவது பழைய கதை. இந்த யானை தானே வெட்டிய குழியில் விழுந்திருந்தது.

"குச்சி தீந்துடுச்சு, நாளைக்கு வான்னு கிளமென்ட்டைத் திருப்பி அனுப்பினாங்க" என்றாள் கடைசியில். "நான் அறுநூறு பேரை வரவே இல்லைன்னு எழுதியிருக்கேன்."

அன்று மாலை ஐந்துக்குள் அலுவலகத்துக்கு எழுதினாள்: அட்டவணை ஏழு தவறு, திரும்பப் பெறுகிறேன். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் திரும்பப் பெற்ற எண். பதில் மரியாதையாகத்தான் வந்தது. செவ்வாய்க்குள் ஆதாரத்தோடு புது எண் வந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் இருக்கிற எண்தான். முழுப்பெயரைக் கேட்டால் பரிசோதனைக் கூடம் மூன்று வாரம் ஆகும் என்றது.

"சீட்டு!" என்றாள் கா யிங். "டெஸ்ட் எடுத்தா சீட்டு குடுப்பாங்களே, அதுல எண் இருக்கு. நம்ம வரியிலயும் அதே எண் இருக்கு."

"மாசக்கணக்குக்கு முந்தின துண்டுச் சீட்டை எவன் வெச்சிருப்பான்?"

"எங்க ஆளுங்களா? எங்கம்மா முகாம்ல அரிசி வாங்கின சீட்டை இன்னும் வெச்சிருக்கா. காகிதம் இல்லேன்னா நீ ஆத்தைத் தாண்டினதுக்கே சாட்சி இல்லைன்னு வளர்ந்தவங்க."

ஏப்ரலுக்குப் பிறகு ஆர்னெட்டா வீட்டு வாசல் தாண்டியதில்லை. நெஞ்சில் இழுப்பு உண்டு. மளிகையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வாள், கால்மணி நேரம் பொறுத்துத்தான் கதவைத் திறப்பாள். சனிக்கிழமை காலை ஓட்டைத் தொப்பி, இரண்டு மாஸ்க், காலுக்கு மூன்று சாக்ஸோடு சந்தை வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். "வீட்லேருந்தே செய்யலாமே மிஸ் ஆர்னெட்டா, நான் போன்ல எண்ணைச் சொல்றேன்" என்றாள் கா யிங். "வீட்லேருந்து எண்ணித்தானே இந்த லட்சணம்" என்றாள் இவள்.

அன்றைய குளிரில் ஒருவர் தும்மினால் அது கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதிலும் வரிசை வந்தது. ஆறடிக்கு ஒருவராக, மடித்த அட்டையைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு, மார்போடு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு. பைக்குள் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் இந்த நாட்டுக்கு வந்த விமானச் சீட்டிலிருந்து போன மாதத்து மூக்குச் சீட்டு வரைக்கும். கா யிங் எண்ணைப் படித்தாள். கல்லூரியில் உட்கார்ந்திருந்த லீஃப் போனில் சரிபார்த்தான். ஆர்னெட்டா முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். ஆளைப் பார்க்காமல் ஒரு கோடுகூடப் போடவில்லை.

மதியத்தில் யெர் சியோங் வந்தாள். அறுபதைத் தொட்டவள், சந்தையில் எலுமிச்சம்புல்லும் மருந்துக் கீரையும் விற்பவள், சந்தையில் பாதிப் பேர் அவளுக்குப் பயப்படுவார்கள், மீதிப் பேர் உறவினர்கள். அவள் சொன்னதை கா யிங் பாதி மென்று விழுங்கிவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள்.

"நீதான் அந்தக் கணக்குக்காரியா?"

"ஆமாம்மா."

"என்னையும், பின்னால நிக்கறாளே அவளையும், ஒருத்தின்னு எழுதினவ நீதானா?"

பின்னால் நின்றவள் யூவா சியோங், தங்கை. இருவருக்கும் காகிதத்தில் ஒரே முதலெழுத்து, ஒரே பெயர், ஒரே ஜனவரி ஒன்று, ஒரே வருடம்.

"ஒரு சேவல் விஷயத்துல பதினோரு வருஷமா எங்களுக்குள்ள பேச்சில்ல. எங்கம்மா சாகற வரைக்கும் எங்களை ஒண்ணு சேர்க்கப் பார்த்தா, முடியல. உன் கம்ப்யூட்டர் சேர்த்துடுச்சா?"

தங்கைக்காரி வானத்தைப் பார்த்துச் சொன்னாள், "சேர்த்ததுதான் சேர்த்துச்சு, என் வயசையாவது அவளுக்குப் போட்டுச்சே. சந்தோஷப்பட்டுக்கட்டும்."

"கேட்டியா திமிரை! எழுதிக்கோ: நான் மூத்தவ. ஏழு வருஷம் மூத்தவ. இவளுக்குக் காய்ச்சல், நடக்க முடியல. முதுகுல கட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டினேன். ஒரே நாள்ல பொறந்தவளை எப்படிடி முதுகுல கட்ட முடியும்?"

ஆர்னெட்டா எழுந்து நின்றாள். மேசைக்குப் பின்னால் எழுந்து நிற்க அவசியம் ஒன்றுமில்லை. "தப்பு என்னோடது. கம்ப்யூட்டரோடது இல்ல. ரெண்டு வரி போடறேன்மா. உங்களுக்கு மேல வரி."

"மேல வரியா?" யெர் யோசித்தாள். "சரி. நல்லா அழுத்தி எழுது."

ஞாயிற்றுக்கிழமை போதகரின் எண்ணைத் திருத்த ஆளில்லை. ஏப்ரலிலிருந்து போன் வழியாகவே நடக்கும் பிரார்த்தனைக்கு அன்று அவள் வரவில்லை. சந்தையில் இருந்தாள். திங்கட்கிழமையும்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கும் மடக்கு மேசையிலேயே இருந்தாள். கா யிங்கின் போன் எலுமிச்சம்புல் கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஏழு ஆணையர்கள் தபால் தலை அளவில் தெரிந்தார்கள். ஆர்னெட்டா தன் பக்கங்களை எடுத்துப் படித்தாள். முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர், புதிதாகக் கண்டுபிடித்தவர்கள். பழையதோடு சேர்த்து அறுநூறு. இன்னும் வரிசை நிற்கிறது.

"போன மாசம் ஒரு எண் சொன்னீங்க. இந்த வாரம் வேற எண். எதை நம்பறது?" என்றார் ஓர் ஆணையர். நியாயமான கேள்விதான்.

"அதை என் அறையில உட்கார்ந்து எண்ணினேன் ஐயா. இதை ஆள் ஆளாப் பார்த்து எண்ணினேன்."

"கம்ப்யூட்டர் பண்ணின தப்பா?"

"அது வந்து, நான்தான்..." என்று லீஃப் எங்கிருந்தோ குரல் கொடுத்தான். அவன் வம்சத்தில் யாரும் கூட்டத்தில் குறுக்கே பேசியதாகச் சரித்திரம் இல்லை.

"பேசாம இரு லீஃப். விதி என்னுது. என்கூட வேலை செய்யற பொண்ணு பெரியப்பாவைப் புதைச்சுக்கிட்டிருந்தா. ரெண்டு நாள் பொறுத்திருந்தா ஒரே பார்வையில சொல்லியிருப்பா. நான் பொறுக்கல. என் தப்புக்காக இவங்க கூடாரத்தைப் பிரிக்காதீங்க."

நாலுக்கு மூன்று. கூடாரம் மார்ச் கடைசி வரை அங்கேயே இருக்கும்.

வரிசையில் யாரும் கை தட்டவில்லை. அந்தக் கையுறையில் தட்டினாலும் கேட்டிருக்காது. கா யிங் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாஸ்க்கைச் சரிசெய்தாள், ரொம்ப நேரம் சரிசெய்தாள். ஆர்னெட்டா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளை நிமிர்ந்து பார்த்தாள்.

எழுதப் போனால் பென்சில் முனை முறிந்துவிட்டது. இன்னொன்று கா யிங் கையில். மற்றொன்றை யூவா வாங்கிக்கொண்டு போய் வரிசைக்காரர்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, பேச்சு வார்த்தை இல்லாமலே, அக்காக்காரி ஒவ்வொரு பையாகப் பிரித்துச் சீட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்தி இருந்தா குடு கண்ணு, சீவணும்" என்றாள் ஆர்னெட்டா. "மூணும் போச்சு."

ஆறடி தள்ளி நின்ற யெர் சியோங் தலையைச் சாய்த்துத் தொப்பியின் ஓட்டை வழியே நீட்டியிருந்த கொண்டையையே பார்த்தாள். ஏதோ சொன்னாள். கா யிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா எண்ணறியாம், பெரியம்மா சொல்றாங்க."

"என்னது? என் தலை, என் பென்சில். மூணுதான் வைப்பேன். முப்பது வருஷமா மூணு."

மொழிபெயர்ப்புக்கு யெர் காத்திருக்கவில்லை. அந்தக் குளிரில் வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, கையை உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினாள். நாலு.